பையரின் நடத்தை விதியும் பையர் தரும் விலையும்: பொறுப்பு யாருடையது?

கேள்வி: பின்னலூரான்

வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில், பையரோடு (ஆடை வாங்கும் நிறுவனத்தோடு) பேசி ஆர்டரை முடித்துக்கொடுக்கும் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். நிறுவனத்தின் பெயரையும் பையரின் பெயரையும் தவிர்க்கிறேன். நான் சொல்லப்போவது எந்த ஒரு நிறுவனத்தோடும் முடிந்துவிடுகிற விஷயம் அல்ல.

எங்களுக்கு ஆர்டர் தரும் ஐரோப்பிய நிறுவனத்தில் இரண்டு பிரிவுகளோடு எனக்குக் கடிதப் போக்குவரத்து உண்டு. ஒரு பிரிவு நடத்தை விதிகளை அனுப்புகிறது. வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை, மிகை நேரம் 12 மணியைத் தாண்டக் கூடாது, சங்கம் சேரும் உரிமையைத் தடுக்கக் கூடாது, எங்கள் அனுமதியின்றி வேலையை வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுக்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. அவற்றில் ஒன்றையும் நான் குறை சொல்ல மாட்டேன். இன்னொரு பிரிவு கொள்முதல் செய்வது. போன சீசன் விலையைவிடக் குறைத்துக் கொடுங்கள், எங்கள் ஒப்புதல் எப்போது வந்தாலும் ஷிப்மென்ட் தேதி மாறாது, தேதி தவறினால் விமானத்தில் அனுப்பும் செலவு உங்களுடையது என்று அது எழுதுகிறது.

சென்ற சீசனில் குழந்தைகளுக்கான டி-ஷர்ட் ஆர்டர் ஒன்றில் பிரிண்ட் நிறத்துக்கு ஒப்புதல் தராமல் இழுத்தடித்தார்கள். ஒப்புதல் வந்தபோது கட்டிங் தொடங்கியிருக்க வேண்டிய நாள் எப்போதோ கடந்துவிட்டது, ஷிப்மென்ட் தேதி மட்டும் அப்படியே நின்றது. வழக்கமான ஒன்றரை ஷிப்ட் போதாமல் செக்கிங், பேக்கிங் பெண்கள் நள்ளிரவு வரை நின்றார்கள். வீட்டில் கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஒரு பகுதியை யாருக்கும் சொல்லாமல் வெளியே பவர் டேபிளுக்கு, அதாவது கூலிக்குத் தைத்துத் தரும் சிறிய யூனிட்டுக்கு, கொடுத்தோம்.

அடுத்து, நடத்தை விதிகளைக் கடைப்பிடிக்கிறோமா என்று பார்க்கும் ஆடிட் வந்தது. அவசர வழியை மறைத்திருந்த அட்டைப் பெட்டிகளை முந்தின நாள் அகற்றினார்கள். கான்ட்ராக்ட்காரர் மூலம் வந்த ஆட்களுக்கு விடுமுறை சொன்னார்கள். ஆடிட்டர் கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சூப்பர்வைசர் ஒவ்வொரு லைனிலும் சொல்லிவிட்டுப் போனார். நேரப் பதிவேட்டில் அந்த நள்ளிரவுகள் எதுவும் இல்லை. முதலுதவிப் பெட்டியில் ஒரு மருந்து காலாவதியாகியிருந்தது என்பது மட்டுமே அறிக்கையில் குறையாக எழுதப்பட்டது.

என் கேள்விகள் இவை. வாங்குபவரின் விதியும் அவர் தரும் விலையும் ஒன்றோடொன்று மோதும்போது விதிமீறலுக்குப் பொறுப்பு எங்கள் நிறுவனம் மட்டும்தானா? இந்த ஆடிட் முறையால் உலகில் எங்காவது தொழிலாளிக்கு உண்மையான பாதுகாப்பு கிடைத்திருக்கிறதா? வாங்கும் நிறுவனங்களுக்கும் பொறுப்பு விதிக்கும் ஜெர்மனி, ஐரோப்பிய ஒன்றியச் சட்டங்களைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். அவை எங்கள் லைன் வரை எட்டுமா?

பதில்: நொய்யல்கரை

சில ஆண்டுகள் தணிக்கை நிறுவனம் ஒன்றில் பணியாற்றிவிட்டு வெளியே வந்தவன் என்பதால் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜன்னல்களில் இரும்புக் கம்பி போடப்பட்டிருந்தது, வெளியேறும் வழிகள் பூட்டப்பட்டிருந்தன. அந்தத் தொழிற்சாலைக்கு எஸ்ஏ8000 என்ற தொழிலாளர் நலச் சான்றிதழ் கிடைத்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. சான்றிதழ் வழங்கியது இத்தாலிய நிறுவனம். நேரில் போய்ப் பார்க்கும் வேலையை அது உள்ளூர் நிறுவனம் ஒன்றிடம் விட்டிருந்தது. தீ வைக்கப்பட்டதே என்று பின்னர் பாகிஸ்தான் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீயை யார் வைத்திருந்தாலும், கதவு திறந்திருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள் என்பது மாறாது. கதவைப் பார்ப்பதற்குத்தானே தணிக்கை?

அதே ஆண்டு நவம்பர் 24 அன்று டாக்கா அருகே தாஸ்ரீன் ஆலையில் தீப்பிடித்துக் குறைந்தது 112 பேர் இறந்தார்கள். அபாய மணி அடித்த பிறகும் வேலையைத் தொடரும்படி மேலாளர்கள் சொன்னார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். வால்மார்ட்டின் ஆடைகள் அங்கே தைக்கப்பட்டிருந்தன. தங்கள் அனுமதியில்லாமல் சப்ளையர் அங்கே வேலை கொடுத்துவிட்டார் என்று அந்த நிறுவனம் விளக்கம் தந்தது. நீங்கள் பவர் டேபிளுக்குக் கொடுத்தீர்களே, அந்தப் பகுதியில் நாளை ஏதாவது நடந்தால் உங்கள் பையர் சொல்லப்போவதும் இதே விளக்கத்தைத்தான்.

ராணா பிளாசாவை எல்லோரும் அறிவார்கள். 2013 ஏப்ரல் 24 அன்று சாவாரில் எட்டு மாடிக் கட்டடம் சரிந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தின நாளே சுவர்களில் விரிசல் கண்டு கட்டடத்திலிருந்து எல்லோரையும் வெளியேற்றியிருந்தார்கள். கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை மறுநாள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டது. மேல் மாடிகளில் இருந்த ஆடைத் தொழிலாளர்களை மட்டும் திரும்ப உள்ளே போகச் சொன்னார்கள். போகாவிட்டால் சம்பளம் கிடைக்காது என்று மிரட்டப்பட்டதாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள். அங்கே இயங்கிய தொழிற்சாலைகளில் இரண்டு, பிஎஸ்சிஐ என்ற ஐரோப்பிய வணிக அமைப்பின் முறையில் தணிக்கை செய்யப்பட்டவை. கட்டட உறுதி எங்கள் ஆய்வில் அடங்காது என்று தணிக்கை செய்தவர்கள் பின்னர் கூறினார்கள். விதிப்படி அது சரியான பதிலாக இருக்கலாம். ஆனால் அனுமதியில்லாமல் கட்டிய மேல் மாடிகளில் ஜெனரேட்டர்கள் அதிர்ந்துகொண்டிருக்க, அதன் நடுவே உட்கார்ந்து வேலை நேரப் பதிவேட்டைப் புரட்டும் முறையை அறம் என்று என்னால் சொல்ல முடியாது.

இந்தத் தோல்விகளுக்குத் தணிக்கையாளர்களின் நேர்மைக் குறைவு மட்டும் காரணமில்லை. பெரும்பாலான இடங்களில் தணிக்கைக்குப் பணம் கட்டுவது தணிக்கை செய்யப்படும் தொழிற்சாலையே. நாள் கணக்கில் கூலி. ஒன்றிரண்டு நாளில் ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தைப் பார்த்து, தொழிலாளர்களை அவர்களுடைய மேலாளரின் அறைக்குப் பக்கத்து அறையில் உட்கார வைத்துப் பேசி, அறிக்கை எழுதிவிட்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். அறிக்கை பையருக்கும் தொழிற்சாலைக்கும் மட்டும் போகும். எந்த உயிருக்காக அந்த ஆய்வு நடந்ததோ, அந்தத் தொழிலாளியின் கையில் அது ஒருநாளும் கிடைக்காது. இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை, தணிக்கைக்குப் போகிறவர் தொழிற்சாலையை மட்டுமே பார்க்கிறார் என்பது. ஒப்புதலைத் தாமதப்படுத்திய, விலையைக் குறைத்த அந்தக் கொள்முதல் பிரிவின் மேசையை யாரும் தணிக்கை செய்வதில்லை.

பயன் தந்த முறை ஒன்று உண்டா என்றால், உண்டு. ராணா பிளாசாவுக்கு அடுத்த மாதமே கையெழுத்தான வங்கதேச அக்கார்டு என்ற பாதுகாப்பு ஒப்பந்தம். 200க்கும் மேற்பட்ட பிராண்டுகள் அதில் சேர்ந்தன. சுமார் 1,600 தொழிற்சாலைகளில் கட்டடம், மின்சாரம், தீத்தடுப்பு மூன்றையும் பொறியாளர்கள் ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு தொழிற்சாலையின் ஆய்வறிக்கையும் யாரும் படிக்கும்படி வெளியிடப்பட்டது. திருத்த வேலைக்குப் பணம் கிடைக்க வழி செய்வது பிராண்டின் கடமை என்றும், திருத்த மறுக்கும் தொழிற்சாலைக்கு ஆர்டர் கொடுக்கக் கூடாது என்றும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது. பிராண்டுகளுக்கு எதிரே சமமாகக் கையெழுத்திட்டவை தொழிற்சங்கங்கள். ஒப்பந்தத்தை மீறியதாக இரண்டு பிராண்டுகள்மீது இண்டஸ்ட்ரியால், யூனி என்ற உலகத் தொழிற்சங்கங்கள் ஹேக் நகரில் உள்ள நிரந்தர நடுவர் மன்றத்துக்குப் போயின. அவற்றில் ஒரு வழக்கு 2018இல் 23 லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகைக்குச் சமரசமானது. தன்னார்வ நடத்தை விதிகளின் வரலாற்றில் இப்படி ஒன்றை நீங்கள் காட்ட முடியாது. 2021இல் அது சர்வதேச அக்கார்டாகப் புதுப்பிக்கப்பட்டது, 2023இல் பாகிஸ்தானுக்கும் விரிந்தது.

அக்கார்டு கட்டடத்தை உறுதியாக்கியது, கூலியைத் தொடவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

பதில்: வேடசந்தூர் மலர்

மேலே எழுதியவர் வங்கதேசத்தைக் காட்டினார். நான் எங்கள் மாவட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மில்களிலும் ஆடை நிறுவனங்களிலும் வேலை செய்யும் பெண்களோடு சங்க வேலை செய்து வருகிறேன்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைது செய்யப்பட்டார். அந்த ஆலையிலிருந்து ஆடை வாங்கிய உலக பிராண்டுகள் அனைத்துக்கும் நடத்தை விதிகள் இருந்தன, பாலியல் தொல்லைக்கு இடமில்லை என்ற வரி எல்லாவற்றிலும் இருந்தது, தணிக்கைகளும் நடந்துகொண்டுதான் இருந்தன. அந்தப் பெண்ணும் அவரோடு வேலை செய்தவர்களும் அனுபவித்தது எதுவும் எந்த அறிக்கையிலும் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். வண்டி அனுப்பி ஊரிலிருந்து ஏற்றி வருகிறவரும், லீவு தருகிறவரும், பீஸ் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்கிறவரும், லைனில் கெட்ட வார்த்தை பேசுகிறவரும் ஒரே சாதிக்காரர்களாக, ஒரே ஊர்க்காரர்களாக இருக்கும் இடத்தில், கோட்டு போட்டு வந்த ஒருவர் பத்து நிமிடம் கேட்டால் எந்தப் பெண் வாய் திறப்பாள்? சொன்ன பிறகு அவள் அதே வண்டியில்தானே வீட்டுக்குப் போக வேண்டும்?

பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் காமன் லேபர் யூனியன் இதை விடவில்லை. ஓராண்டுக்கும் மேல் நடந்த போராட்டத்துக்குப் பிறகு 2022 ஏப்ரலில் திண்டுக்கல் உடன்படிக்கை கையெழுத்தானது. ஒரு பக்கம் சங்கமும் அதற்குத் துணை நின்ற ஆசிய அடிப்படை ஊதியக் கூட்டணி, குளோபல் லேபர் ஜஸ்டிஸ் ஆகிய அமைப்புகளும். மறுபக்கம் ஈஸ்ட்மன் நிறுவனம். எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய பிராண்டுகள் தனித்தனியே ஒப்பந்தத்தில் இணைந்தன. ஆலை உடன்படிக்கையை மீறினால் பிராண்டு ஆர்டர் விஷயத்தில் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். விருப்பமிருந்தால் செய்யலாம் என்று அதில் எழுதப்படவில்லை. சங்கம் பயிற்சி கொடுத்த பெண்கள் ஒவ்வொரு லைனிலும் கண்காணிப்பாளர்களாக இருக்கிறார்கள். புகாரை அவர்களிடம் சொல்லலாம், சங்கத்திடம் சொல்லலாம், சுதந்திரமான குழுவிடமும் சொல்லலாம். சாதியை வைத்துக் காட்டும் பாகுபாடும் அதில் வெளிப்படையாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது. முதல் ஆண்டு அறிக்கையின்படி எழுப்பப்பட்ட 185 புகார்களில் 182 தீர்க்கப்பட்டன. நான் இந்த எண்ணிக்கையை வெற்றியின் அளவாகப் பார்ப்பதைவிட, அதற்கு முன் அத்தனையும் நெஞ்சுக்குள்ளேயே கிடந்தன என்பதன் அளவாகப் பார்க்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2022 ஜூலை இறுதியில் அமெரிக்கச் சுங்கத் துறை, கட்டாய உழைப்புக்கான அறிகுறிகளைக் காட்டி அந்த ஆலையின் பொருள்களைத் துறைமுகத்தில் தடுத்து வைக்க உத்தரவிட்டது. உடன்படிக்கையின் கீழ் செய்யப்பட்ட மாற்றங்கள் காட்டப்பட்டதும் செப்டம்பரிலேயே அந்தத் தடை விலக்கப்பட்டது. சங்கம் வந்தால் ஆர்டர் போய்விடும் என்றுதான் எங்கள் பகுதியில் பெண்களைப் பயமுறுத்துவார்கள். இங்கே சங்கத்தோடு போட்ட ஒப்பந்தமே ஏற்றுமதியைத் திறந்துவிட்டது.

தம்பி, உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இது. பையர் விலையைக் குறைத்தார் என்பதற்காக உங்கள் நிறுவனம் தப்பித்துக்கொள்ள முடியாது. நேரப் பதிவேட்டை மாற்றி எழுதியது பையர் அல்ல. மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது, புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்திலும் அது நீடிக்கிறது. நள்ளிரவு வரை நின்ற அந்தப் பெண்களுக்கு அந்த இரட்டைக் கூலி போய்ச் சேர்ந்ததா என்று முதலில் பாருங்கள்.

பதில்: அனுப்பர்பாளையத்தான்

நான் ஜாப் ஒர்க் எடுக்கும் சிறிய யூனிட் ஒன்றை நடத்துகிறேன். கேள்வியில் சொன்ன அந்தப் பவர் டேபிள்காரர்களில் ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலர் அம்மா எழுதியதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் பணம் எங்கே நின்றுபோகிறது என்பதையும் இந்த இழையில் யாராவது சொல்ல வேண்டும்.

ஏற்றுமதி நிறுவனத்துக்கு ஒரு பையர் செடெக்ஸ் தணிக்கை கேட்கிறார், மற்றொருவர் பிஎஸ்சிஐ, வேறொருவர் எஸ்ஏ8000, அமெரிக்க பையர் ராப். ஒரே கட்டடத்தை, ஒரே கழிப்பறையை, ஒரே தீயணைப்புக் கருவியை நாலு பேர் நாலு தடவை வந்து பார்க்கிறார்கள், நாலு தடவையும் பணம் கட்டுவது தொழிற்சாலை. எங்களைப் போன்ற யூனிட்டுக்கு யாரும் வருவதே இல்லை. நூல் மில்லுக்கும் சாயப்பட்டறைக்கும் அதே நிலைதான். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை மூன்றாண்டு மில் விடுதியில் வைத்து, கடைசியில் மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி வேலை வாங்கியது ஆண்டுக்கணக்கில் நடந்தது. அந்த நூலில் தைத்த பனியனுக்கான தணிக்கை, பனியன் கம்பெனியின் கேட்டோடு நின்றுவிட்டது.

விலைக்கு வருகிறேன். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஆடை மற்றும் ஜவுளித் துறை சப்ளையர்களில் 52 விழுக்காட்டினர் உற்பத்திச் செலவுக்குக் குறைந்த விலைக்கும் ஆர்டர் எடுத்ததாகச் சொல்லியிருந்தார்கள். எடுக்காவிட்டால் மிஷின் சும்மா நிற்கும், அடுத்த சீசன் அந்த பையர் வேறு ஊருக்குப் போய்விடுவார். 2022இல் நூல் விலை ஏறியபோது திருப்பூரே இரண்டு நாள் கதவடைத்தது. ஏற்கனவே பேசிய விலையை உயர்த்தித் தர வாங்குபவர்கள் பலரும் ஒப்பவில்லை. 2020இல் கொரோனா வந்தபோது வங்கதேசத்தில் மட்டும் சுமார் 300 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை ரத்து செய்தார்கள் அல்லது நிறுத்தி வைத்தார்கள், தைத்து முடித்த துணிக்கும் சேர்த்து. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி போட்டபோது, அந்தச் சுமையில் ஒரு பங்கை நீங்கள் தள்ளுபடியாகத் தாருங்கள் என்ற கடிதம்தான் இங்கே முதலில் வந்தது.

நூலுக்கு விலை பேச முடியாது, மில் சொல்வதுதான் விலை. சாயத்துக்கும் அப்படியே, கரண்டுக்கும் அப்படியே. பேரம் பேசி இறக்கக்கூடியதாக மிஞ்சுவது தையல் கூலி ஒன்றுதான். அது எக்ஸ்போர்ட்டரிடம் குறைந்து, கான்ட்ராக்ட்காரரிடம் குறைந்து, என்னிடம் வரும்போது நான் பிஎஃப், இஎஸ்ஐ கட்டினால் எனக்கு ஒன்றும் மிஞ்சாத நிலையில் வந்து நிற்கிறது. நான் கட்டாமல் இருப்பது சரி என்று வாதாடவில்லை. என் யூனிட்டில் ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டும் பெண்ணுக்கு விரலில் ஊசி ஏறியபோது இஎஸ்ஐ அட்டை இல்லாமல் தனியார் மருத்துவமனைக்கு அலைந்தோம். அந்த அட்டைக்கான பணம் எந்த பையரின் விலைப் பட்டியலிலும் இருந்ததில்லை.

இங்கே பனியன் தொழிலாளர்களுக்குச் சங்கங்களும் முதலாளிகள் அமைப்புகளும் உட்கார்ந்து பேசிக் கூலி ஒப்பந்தம் போடுகின்றன. எத்தனை விழுக்காடு, எந்த ஆண்டு முதல் என்று கையெழுத்தாகிறது. அந்த ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு ஒரு பையராவது தன் விலையை அதே விழுக்காட்டுக்கு உயர்த்தியதை நான் கேள்விப்பட்டதில்லை. நடத்தை விதியில் சட்டப்படியான கூலி என்று எழுதுகிறவர்கள், அந்தக் கூலி உயர்ந்த நாளில் விலையைத் திரும்பிப் பார்த்தால்தான் அவர்கள் எழுதியதற்குப் பொருள் உண்டு.

பதில்: நீர்கொழும்புத் தமிழன்

இலங்கையிலிருந்து ஒரு சிறிய செய்தி. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் தொடங்கப்பட்டது. எங்கள் நாட்டின் ஆடைத் தொழிற்சாலைகள் கட்டடப் பாதுகாப்பிலும் வசதிகளிலும் தெற்காசியாவில் முன்னிலையில் இருப்பவை என்ற பெயர் எடுத்தவை, அதில் உண்மையும் உண்டு. ஆயினும் வலயத்தில் ‘மேன்பவர்’ என்று அழைக்கப்படும் நாட்கூலிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். முகவர் ஒருவர் காலையில் எந்தத் தொழிற்சாலைக்கு ஆள் தேவையோ அங்கே அவர்களைக் கொண்டுபோய் விடுவார், மறுநாள் வேறு தொழிற்சாலை. மலையகத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்த தமிழ்ப் பெண்களும் அவர்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயர் தொழிற்சாலையின் சம்பளப் பட்டியலில் இல்லாதபடியால், பட்டியலைப் பார்த்து ஆட்களைத் தெரிவுசெய்து பேசும் தணிக்கையாளர் அவர்களை ஒருநாளும் சந்திக்க மாட்டார். 2020இல் ஊரடங்கு வந்தவுடன் முதலில் கைவிடப்பட்டவர்களும் அவர்கள்தான். உங்கள் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஆடிட் அன்று விடுமுறை கொடுத்த செய்தியை வாசித்தபோது இது நினைவுக்கு வந்தது.

பின்னலூரான்

அனைவருக்கும் நன்றி. மலர் அம்மா சொன்னபடி மிகை நேரக் கூலியை விசாரித்தேன். ஒற்றைக் கூலிதான் கொடுக்கப்பட்டிருக்கிறது. இதை நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுக்கப் போகிறேன். அடுத்த சீசனுக்கான விலையை நான்தான் தயாரிக்க வேண்டும். அந்த இடத்தில் என்னால் செய்யக்கூடியது ஏதேனும் இருக்கிறதா? சட்டங்களைப் பற்றிக் கேட்டதற்கும் யாராவது பதில் எழுதினால் நல்லது.

பதில்: நொய்யல்கரை

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரான்ஸ் 2017இலேயே பெரிய நிறுவனங்களுக்கு, சப்ளையர்களிடம் நடக்கும் உரிமை மீறலையும் கவனிக்கச் சொல்லும் விழிப்புக் கடமைச் சட்டம் கொண்டுவந்தது. ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரியில் குறைந்தது 3,000 ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கும், 2024 முதல் குறைந்தது 1,000 ஊழியர்கள் உள்ளவற்றுக்கும் நடைமுறைக்கு வந்தது. இதே நோக்கமுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் வழிகாட்டுச் சட்டம் 2024இல் நிறைவேறியது. 2025இல் அதன் நடைமுறைத் தேதியைத் தள்ளிவைத்தார்கள், எல்லையைச் சுருக்கும் முயற்சியும் வலுத்தது. ஆகவே அதன்மீது முழு நம்பிக்கை வைக்க வேண்டாம். ஜெர்மன் சட்டத்தில் உங்களுக்குப் பயன்படுவது, தடுப்பு நடவடிக்கைகளில் ஒன்றாகக் கொள்முதல் நடைமுறையையும் அது குறிப்பிடுகிறது என்பது. நிறுவனம் புகார் பெறும் வழி ஒன்றை வைத்திருக்க வேண்டும், அது சப்ளையரின் தொழிலாளிக்கும் திறந்திருக்க வேண்டும். உங்கள் பையர் ஜெர்மன் நிறுவனமாக இருந்தால், அந்தப் புகார் வழி எது என்று தமிழில் எழுதி லைனில் ஒட்டச் சொல்லி நீங்கள் கேட்கலாம்.

விலை தயாரிப்பதில் உங்கள் கையில் இருப்பது அதைவிட அதிகம். இப்போது நீங்கள் துணி, பிரிண்ட், டிரிம்ஸ் (பொத்தான், லேபிள் போன்றவை) எல்லாவற்றையும் தனித்தனியே காட்டிவிட்டு, வெட்டித் தைப்பதற்கு மட்டும் சிஎம் (கட் அண்ட் மேக்) என்று ஒரே தொகையைப் போட்டிருப்பீர்கள். பையர் கத்தி வைக்கும் இடம் அதுதான், ஏனென்றால் அந்தத் தொகைக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதைப் பிரியுங்கள். ஒரு பீஸுக்கு எத்தனை நிமிடம், உங்கள் லைனின் உண்மையான திறன் என்ன, கூலி ஒப்பந்தப்படி ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு என்று கணக்கிட்டு ஒரு வரி. அதன்மேல் நிறுவனத்தின் பங்காக பிஎஃப் 12 விழுக்காடு, இஎஸ்ஐ 3.25 விழுக்காடு, போனஸ் குறைந்தபட்சம் 8.33 விழுக்காடு, பணிக்கொடைக்கான ஒதுக்கீடு என்று அடுத்த வரி. ஜாப் ஒர்க்குக்குப் போகும் பகுதி இருந்தால் அங்கும் இதே கணக்கு. அனுப்பர்பாளையத்தார் கேட்ட இஎஸ்ஐ பணம் அப்போதுதான் பட்டியலுக்குள் வரும். இந்த வரிகளைப் பேரத்துக்கு அப்பால் வைக்கிறோம், மற்றவற்றில் பேசலாம் என்று முகப்புக் கடிதத்தில் எழுதுங்கள். இது நான் கற்பனையாகச் சொல்வது அல்ல. ஆக்ட் என்ற அமைப்பில் இண்டஸ்ட்ரியால் சங்கத்தோடு சேர்ந்திருக்கும் பிராண்டுகள் கூலிச் செலவைத் தனியே பிரித்து வைப்பதாக ஏற்றுக்கொண்டிருக்கின்றன. கம்போடியாவில் 2024இல் அதையொட்டிக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்களும் கையெழுத்தாயின. உங்கள் பையர் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் அவருடைய கையெழுத்தையே அவருக்குக் காட்டலாம்.

இரண்டாவது, தேதி. ஒவ்வொரு ஒப்புதலுக்கும் கெடு குறித்த அட்டவணையை ஆர்டர் உறுதியாகும் அன்றே அனுப்பி, கெடு தாண்டிய மறுநாளே “ஒப்புதல் இத்தனை நாள் தாமதம், ஷிப்மென்ட் தேதி அத்தனை நாள் தள்ளிப்போகும், இதை ஈடுகட்ட மிகை நேர வேலை வாங்க மாட்டோம்” என்று மெயில் போடுங்கள். போன் பேச்சு போதாது. தாமதம் உங்களுடையதல்ல என்று எழுத்தில் இருந்தால்தான் விமானச் செலவை உங்கள் தலையில் கட்டும்போது எதிர்க்க முடியும். உங்கள் ஒப்பந்தத்தில் அந்த விமானச் செலவுப் பிரிவு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் படித்துப் பாருங்கள். வாங்குபவரால் ஏற்பட்ட தாமதத்துக்கு விலக்கு உண்டு என்ற வரி இல்லையென்றால், அடுத்த சீசன் கையெழுத்துக்கு முன்பே அதைச் சேர்க்கும்படி கேளுங்கள். பெயர்களை நீக்கிவிட்டு அந்தப் பிரிவை மட்டும் இங்கே பதிவிட்டால், எந்தச் சொற்களில் திருத்தம் கேட்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.